விசித்திரசித்தன் திரும்பி வந்த கதை

1839-ஆம் ஆண்டு லண்டனிலிருந்து இலங்கைக்குக் கிளம்பிய ஓர் இளைஞன் இலங்கைக்கு வந்து சேரவே இல்லை. அவன் பெயர் ஹென்றி ஆஸ்டின் லேயார்டு. வயது 22. அப்பா இலங்கையில் ஆங்கிலேய அரசின் அதிகாரியாக இருந்தவர். உறவினர் ஒருவரின் வக்கீல் அலுவலகத்தில் வேலை பார்த்துச் சலித்துப்போன மகன், கொழும்பில் தொழில் நடத்தலாம் என்று எட்வர்ட் மிட்ஃபோர்டு என்பவரோடு தரைவழியாகப் புறப்பட்டான். மிட்ஃபோர்டு சொன்னபடி இலங்கைக்கு வந்துவிட்டார். லேயார்டு பாரசீகத்தோடு நின்றுவிட்டான். வரும் வழியில், டைகிரிஸ் ஆற்றங்கரையில் மோசுல் நகருக்குப் பக்கத்தில் பார்த்த மண்மேடுகள் அவனை விடவில்லை.

1845 நவம்பரில் நிம்ரூத் மேட்டில் லேயார்டு மண்வெட்டியை இறக்கினார். முதல் நாளே கல் பதித்த அறை ஒன்று தட்டுப்பட்டது. பிறகு மனிதத் தலையும் சிறகும் கொண்ட காளைகள், சிங்கங்கள், வேட்டைக்காட்சிகள், முற்றுகைக்காட்சிகள் என்று அசீரியப் பேரரசின் அரண்மனைகளே மேலெழுந்து வந்தன. ஒரு காளையை ஆற்றங்கரைக்கு இழுத்துச்செல்ல நூற்றுக்கணக்கான ஆட்கள் தேவைப்பட்டார்கள். காற்றடைத்த தோல்பைகளின் மேல் கட்டிய தெப்பத்தில் அவை பாஸ்ரா போய், அங்கிருந்து கப்பலில் பம்பாய் வழியாக லண்டன் போயின. அந்தக் கற்களில் சில இந்தியாவிலேயே தங்கிவிட்டன. மும்பை சத்ரபதி சிவாஜி அருங்காட்சியகத்தில் அசீரியப் புடைப்புச் சிற்பங்களை இன்றும் பார்க்கலாம். 1849-ல் லேயார்டு எழுதிய நூல் வெளியானபோது விக்டோரியா காலத்து இங்கிலாந்தே அதைப் பற்றிப் பேசியது.

விழுப்புரத்துக்காரர்களுக்கு இந்தக் கதையில் அக்கறைப்பட ஒரு காரணம் உண்டு. ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் கழித்து, இதே போன்ற ஒரு மீட்பு அவர்கள் ஊர்ப்பக்கத்திலும் நடந்தது. சென்னையிலிருந்து வரும் ரயில் திண்டிவனத்தையும் விக்கிரவாண்டியையும் தாண்டி, விழுப்புரத்தைத் தொடுவதற்கு முன்னால் முண்டியம்பாக்கத்தைக் கடக்கிறது. சர்க்கரை ஆலை, அரசு மருத்துவக் கல்லூரி, கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் என்று இந்த ஊருக்கு இன்று வேறு அடையாளங்கள். ஆனால் இங்கிருந்து மேற்கே செஞ்சிப் பக்கம் திரும்பினால் பாறைக்குன்றுகள் தொடங்கிவிடும். மண்டகப்பட்டு, தளவானூர், பனைமலை. மூன்றையும் ஒரே நாளில் பார்த்துவிட முடியும். தமிழ்நாட்டுக் கற்கோயில் கலையின் முதல் நூறு ஆண்டுகள் இந்தச் சின்ன வட்டத்துக்குள் அடங்கியிருக்கின்றன.

நிம்ரூத்துக்கும் மண்டகப்பட்டுக்கும் ஒரு பெரிய வேறுபாடு. அசீரிய அரசர்களின் பெயர்களை உலகம் மறக்கவே இல்லை. நினிவே நகரமும் சனகெரிப் அரசனும் விவிலியத்தில் இருந்தார்கள். தேவாலயத்துக்குப் போகிற ஒவ்வொரு ஆங்கிலேயரும் அந்தப் பெயர்களைக் கேட்டு வளர்ந்தவர். காணாமல் போயிருந்தது இடம். விழுப்புரத்துக் கதையோ நேர் எதிர். இடம் எங்கேயும் போகவில்லை. ஆடு மேய்ப்பவர் மழைக்கு ஒதுங்கக்கூடிய தூரத்தில் குகைகள் ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளாகத் திறந்தே கிடந்தன. பனைமலையில் வழிபாடும் நடந்தது. பெயர்தான் தொலைந்திருந்தது. யார் குடைந்தது, யாருக்காக, எப்போது என்பதற்கு ஊரில் ஒரே விடைதான்: பாண்டவர்கள். வனவாசம் போன ஐவர் தங்கிய இடம் என்று தமிழ்நாட்டில் எத்தனை குன்றுகளுக்குப் பஞ்சபாண்டவர் மலை என்று பெயர்! மாமல்லபுரத்துத் தேர்கள் இன்றும் தருமன், பீமன், அர்ச்சுனன் பெயர்களில்தான் நிற்கின்றன. 18-ஆம் நூற்றாண்டில் மாமல்லபுரத்தைப் பார்த்து, 1788-ல் கட்டுரை வெளியிட்ட வில்லியம் சேம்பர்ஸுக்கும் இரணியன், பிரகலாதன், மகாபலி, பாணாசுரன் கதைகள்தான் கிடைத்தன. பல்லவர் என்ற சொல்லை அவருக்கு யாரும் சொல்லவில்லை. சொல்ல அங்கே ஆளும் இல்லை.

ஓர் அரச குலம் தன் மக்களின் நினைவிலிருந்து இப்படி முழுதாக உதிர்ந்துபோனது வியப்புதான். காஞ்சியைத் தலைநகராகக் கொண்டு மூன்று நூற்றாண்டுகளுக்கு மேல் ஆண்டவர்கள். அப்பரும் சம்பந்தரும் பாடிய காலத்து அரசர்கள். அவர்களுக்குப் பின்னால் சோழர், பாண்டியர், விஜயநகரம், நாயக்கர், மராட்டியர், நவாபு என்று அடுக்கடுக்காக ஆட்சிகள் வந்தன. பல்லவர்கள் எழுதிய கிரந்த எழுத்தின் பழைய வடிவமும் வாசிக்க ஆளில்லாமல் போனது. எழுத்தோடு பெயரும் போனது.

ஆகவே இங்கே தோண்ட வேண்டியிருந்தது எழுத்தை.

அந்த வேலையைத் தொடங்கியவர்களில் ஒருவர் பெஞ்சமின் கை பாபிங்டன். சென்னை அரசில் பணியாற்றிய இவர், மாமல்லபுரத்துக் கல்வெட்டுகளின் எழுத்தை ஒவ்வொன்றாகப் பிரித்து வாசித்து, 1830-ல் லண்டன் ராயல் ஆசியச் சங்கத்தின் இதழில் வெளியிட்டார். 27 ஆண்டுகள் கழித்து, 1857-ல், அதே சங்கம்தான் அசீரிய ஆப்பெழுத்துக்குப் புகழ்பெற்ற சோதனையை நடத்தியது: ஒரே கல்வெட்டை ராலின்சன், ஹிங்க்ஸ், ஒப்பெர்ட், டால்பட் ஆகிய நால்வரும் ஒருவரை ஒருவர் கேட்காமல் மொழிபெயர்த்து உறையிட்டு அனுப்பினார்கள், பிரித்துப் பார்த்தபோது நான்கும் பெருமளவு ஒத்துப்போயின. மெசபடோமியாவின் ஆப்பெழுத்தையும் தொண்டைமண்டலத்தின் கிரந்தத்தையும் ஒரே சங்கத்தின் பக்கங்களில் உலகம் வாசிக்கப் பழகியது.

1886-ல் சென்னை மாகாணத்துக்குக் கல்வெட்டு அறிஞராக வந்தார் ஜெர்மானியர் ஆய்கன் ஹுல்ட்ஸ். அவரும் அவருடைய உதவியாளர் வெங்கையாவும், பின்னால் கிருஷ்ண சாஸ்திரியும், ஊர் ஊராகப் போய்க் கல்வெட்டுகளைப் படியெடுத்தார்கள். படியெடுப்பு என்றால் கையால் பார்த்து எழுதுவதல்ல. முதலில் பாறையைத் தேய்த்துக் கழுவ வேண்டும். பாசி, எண்ணெய்ப் பிசுக்கு, சுண்ணாம்புப் பூச்சு எல்லாம் போக வேண்டும். பிறகு ஈரத்தாளை எழுத்தின் மேல் ஒட்டி, கெட்டித் தூரிகையால் அடித்து, தாள் ஒவ்வொரு பள்ளத்துக்குள்ளும் இறங்கும்வரை தட்ட வேண்டும். தாள் காயும் பதத்தில் மை தோய்த்த பொதியால் ஒற்றினால், மேடெல்லாம் கறுத்து எழுத்து மட்டும் வெள்ளையாக நிற்கும். இதற்கு மைப்படி என்று பெயர். பாரசீகத்தின் பெஹிஸ்தூன் மலைச்சுவரில் ராலின்சன் செய்ததும் ஈரத்தாள் வேலைதான். லேயார்டுக்குத் தேவைப்பட்ட கூலிப்படையும் கயிறும் தெப்பமும் இங்கே வேண்டியிருக்கவில்லை. வாளியும் தூரிகையும் தாளும் மையும் போதும். கூடவே, வெயிலில் பாறை சுடும் முன் வேலையை முடிக்கும் பொறுமையும்.

மண்டகப்பட்டுக்கு வருவோம்.

குன்று என்று பெருமையாகச் சொல்ல முடியாத ஒரு பாறை. அதன் முகத்தைச் செங்குத்தாக வெட்டி, உள்ளே ஒரு மண்டபம் குடைந்திருக்கிறார்கள். முகப்பில் இரண்டு தூண்கள். இரு ஓரங்களிலும் சுவரோடு ஒட்டிய அரைத்தூண்கள். தூண்கள் மேலும் கீழும் சதுரம், நடுவில் எட்டுப்பட்டைக் கட்டு, தலையில் கனத்த போதிகை. அலங்காரம் ஏதும் இல்லை. இரு பக்கமும் மாடங்களுக்குள் வாயிற்காவலர் இருவர், பெரிய கதாயுதத்தின் மேல் பாரத்தைப் போட்டுச் சாய்ந்து நிற்கிறார்கள். பின்சுவரில் மூன்று கருவறைகள். மூன்றும் காலி. பாறையின் கடினத்தைத் தொட்டுப் பார்த்தால்தான், மெருகு ஏன் குறைவு என்பது புரியும். எளிதில் செதுக்கக்கூடிய மணற்கல் இல்லை இது, உளி தெறிக்கும் கருங்கல்.

தூணில் வடமொழியில், கிரந்த எழுத்தில் ஒரு சிறு கல்வெட்டு. பிரமனுக்கும் ஈசனுக்கும் திருமாலுக்கும் விசித்திரசித்தன் என்ற அரசன் இந்தக் கோயிலை எடுத்தான் என்பது செய்தி. அதோடு நிற்கவில்லை. செங்கல் இல்லை, மரம் இல்லை, உலோகம் இல்லை, சுண்ணாம்பு இல்லை என்று அடுக்குகிறது. ஒரு கல்வெட்டு தன்னிடம் இல்லாத பொருள்களைப் பட்டியலிட்டுப் பெருமைப்படுவது அரிது. அந்தப் பட்டியலே அதுவரை கோயில் எப்படிக் கட்டப்பட்டது என்பதற்கும் சாட்சி: செங்கல் அடுக்கி, சுண்ணாம்பு பூசி, மரச்சட்டத்தை ஆணியடித்து நிறுத்திய கோயில்கள். அவை மழையிலும் கறையானிலும் அழிந்துவிட்டன. இவன் அழியாத ஒன்றைச் செய்ய நினைத்தான். நினைத்ததைச் சொல்லியும் வைத்தான். தமிழகத்தின் முதல் குடைவரை இதுதானா, தெற்கே பாண்டிய நாட்டில் அதற்கு முந்தியது உண்டா என்ற விவாதம் ஆய்வாளர்களிடையே இருக்கிறது. ஆனால் தான் செய்வது புதியது என்ற உணர்வு இவ்வளவு துல்லியமாகப் பதிவான இடம் வேறு இல்லை.

சரி, யார் இந்த விசித்திரசித்தன்? கல்வெட்டு அதைச் சொல்லவில்லை. சொல்லத் தேவையில்லாத அளவுக்கு அன்று எல்லாருக்கும் தெரிந்திருக்கும். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மைப்படி எடுத்தவர்களின் கையில் இருந்தது ஒரு பட்டப்பெயர் மட்டும்.

விடை பல ஊர்களில் சிதறிக் கிடந்தது. திருச்சி மலைக்கோட்டைக் குகையில் குணபரன், லலிதாங்குரன் என்ற பெயர்கள். தளவானூரில் சத்ருமல்லன். இவர்கள் மூன்று அரசர்களா, ஒருவரா? செங்கற்பட்டுக்குப் பக்கத்தில் வல்லம் குகைத் தூணில் உள்ள சிறிய தமிழ்க் கல்வெட்டு இதை அவிழ்த்தது. அந்தக் குகையைக் குடைவித்தவன் கந்தசேனன் என்ற சிற்றரசன். தன் பேரரசனைக் குறிப்பிடும்போது லலிதாங்குரன், சத்ருமல்லன், குணபரன், மகேந்திரப் போத்தரைசன் என்று எல்லாவற்றையும் வரிசையாக ஒரே ஆளின் மேல் ஏற்றிவிட்டான். பேரரசனைப் புகழ ஆசைப்பட்ட ஒரு சிற்றரசனின் பணிவு, ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்குப் பின் வரலாற்றுக்குச் சாவியானது. பல்லாவரம் குகையில் உள்ள பட்டப்பெயர் வரிசையில் மகேந்திரவிக்கிரமன், மத்தவிலாசன் ஆகியவற்றோடு விசித்திரசித்தனும் இருக்கிறான்.

இப்படி எட்டுத்திக்கிலிருந்தும் திரட்டிய பெயர்களிலிருந்து முதலாம் மகேந்திரவர்மன் உருவானான். கி.பி. 600-ஐ ஒட்டிப் பட்டத்துக்கு வந்து சுமார் 630 வரை ஆண்டவன். சிம்மவிஷ்ணுவின் மகன். மாமல்லன் நரசிம்மவர்மனின் தந்தை. இந்தப் பெயர்களைத் திரட்டிவந்த சமயத்தில் இன்னொரு அதிசயமும் நடந்தது. 1917-ல் திருவனந்தபுரத்தில் கணபதி சாஸ்திரி, மத்தவிலாசப் பிரகசனம் என்ற வடமொழி நாடகத்தை ஓலைச்சுவடியிலிருந்து அச்சேற்றினார். காஞ்சித் தெருக்களில் குடித்துத் திரியும் காபாலிகன் ஒருவன் தன் கபாலத்தைத் தொலைத்துவிட்டுப் பௌத்தத் துறவியைத் திருடன் என்று பிடிக்கிறான். கடைசியில் அதைக் கவ்விப் போனது ஒரு நாய். எழுதியவர் பெயர்: சிம்மவிஷ்ணுவின் மகன் மகேந்திரவிக்கிரமவர்மன். குகைச்சுவரில் பட்டப்பெயராக இருந்த மத்தவிலாசன் சிரிக்கத் தெரிந்த ஓர் எழுத்தாளனாக எழுந்து நின்றான். எந்த அசீரிய மன்னனும் தன்னைச் சுற்றியிருந்த சமயவாதிகளை இப்படிக் கேலி செய்து நாடகம் எழுதியதாகத் தெரியவில்லை. அவர்கள் சுவர்களில் செதுக்கியதெல்லாம் வேட்டையும் முற்றுகையும் கப்பம் சுமக்கும் கைதிகளும்தான்.

அசீரிய அரண்மனைகளை முதலில் வெட்டியவர் லேயார்டு அல்ல. 1843-லேயே கோர்சாபாத்தில் தோண்டிய பிரெஞ்சுத் தூதர் போல்-எமில் போட்டா. விழுப்புரத்துக் கதையிலும் அப்படி ஒரு பிரெஞ்சுக்காரர் உண்டு. 1885-ல் சைகோனில் பிறந்த கப்ரியேல் ழூவோ-துப்ரேய், புதுச்சேரியின் காலனியக் கல்லூரியில் ஆசிரியர். பிரெஞ்சு எல்லையைத் தாண்டினால் பிரிட்டிஷ் தென்னாற்காடு மாவட்டம். அங்கே பாதி நாள் பயணத்தில் பல்லவர் குன்றுகள். பள்ளி விடுமுறைகள் அங்கே கழிந்தன. 1914-ல் பாரீஸில் தென்னிந்தியத் தொல்லியல் பற்றிய அவருடைய இரண்டு தொகுதி நூல் வந்தது. 1916-லும் 1918-லும் பல்லவர் பழம்பொருள்கள் பற்றிய இரண்டு தொகுதிகள். 1917-ல் பல்லவர் வரலாறு.

அவர் செய்ததில் பெரியது எது என்று கேட்டால், தூணைப் பார்க்கக் கற்றுக்கொடுத்தது என்று சொல்ல வேண்டும். அதற்கு முன் ஒரு கோயிலின் வயதைக் கேட்டால் தலபுராணம் பேசும், அல்லது மேல்நாட்டார் குத்துமதிப்பாக ஒரு நூற்றாண்டைச் சொல்வார்கள். துப்ரேய் கல்வெட்டு உள்ள கோயில்களை முதலில் காலவரிசைப்படுத்தி வைத்துக்கொண்டார். பிறகு ஒரு சின்ன உறுப்பை எடுத்துக்கொண்டார்: போதிகை. பல்லவர் காலத்தில் அது வளைந்து இறங்கி, மேலே அலை அலையாகத் தரங்கம் செதுக்கப்பட்டிருக்கும். சோழர் காலத்தில் வளைவு போய்க் கோணமாக வெட்டுப்படும். விஜயநகர காலத்தில் அதிலிருந்து ஒரு மொட்டு தொங்கத் தொடங்கி, பின்னால் முழுப் பூவாக விரியும். மண்டபத்து நெற்றியில் உள்ள கூடும் அப்படியே. அதன் உச்சியும் உள்ளே இருக்கும் முகமும் காலத்துக்குக் காலம் மாறும். கல்வெட்டே இல்லாத கோயிலிலும் தலையை நிமிர்த்திப் போதிகையைப் பார்த்தால் நூற்றாண்டு தெரிந்துவிடும். இன்றைக்குக் கோயில் பார்க்கப் போகும் இளைஞர் குழுக்கள் தூணடியில் நின்று விவாதிப்பது துப்ரேய் போட்ட பாதையில்தான். உறுப்புகளின் பெயர்களை அவர் நூலிலிருந்து மட்டும் எடுக்கவில்லை; அன்று தொழில் செய்துகொண்டிருந்த சிற்பிகளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார். அந்த அறிவு சிற்பிகளின் வீடுகளில் அறுபடாமல் இருந்தது என்பதைத் தமிழர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அவர்கள் பெயர்கள் நூல் அட்டைகளில் இல்லை. மோசுல்காரரான ஹொர்முஸ்ட் ரஸ்ஸாம் லேயார்டுக்கு வலக்கையாக இருந்து, பிறகு தானே பெரிய கண்டுபிடிப்புகளைச் செய்தும், இங்கிலாந்தில் உரிய மதிப்பு கிடைக்காமல் போனது இதே வழக்கம்தான்.

துப்ரேயின் எல்லாக் கருத்துகளும் நிலைக்கவில்லை. மகேந்திரன் கிருஷ்ணா ஆற்றங்கரையின் உண்டவல்லிக் குகைகளைப் பார்த்துத்தான் இந்த எண்ணத்தைத் தமிழகத்துக்குக் கொண்டுவந்தான் என்று அவர் கருதினார். பின்வந்தவர்கள் அதை மறுத்தும் எழுதினார்கள். ஆனால் மகேந்திரன் பாணி, மாமல்லன் பாணி, ராஜசிம்மன் பாணி என்று அவர் பிரித்த அடிப்படை, திருத்தங்களோடு இன்றும் புழக்கத்தில் இருக்கிறது.

அந்தப் பிரிவைக் கண்ணால் பார்க்க முண்டியம்பாக்கம் வட்டாரத்தைவிட நல்ல இடம் கிடையாது. மண்டகப்பட்டின் மொட்டைத் தூண்களிலிருந்து தளவானூருக்குப் போனால், அதே மகேந்திரன் கொஞ்சம் துணிந்திருப்பது தெரியும். முகப்பின் நடுவே இரு தூண்களுக்கும் இடையில் மகர தோரணம் ஒன்றைப் பாறையிலேயே தொங்கவிட்டிருக்கிறார்கள். மேலே கூடுகளுக்குள்ளிருந்து முகங்கள் எட்டிப் பார்க்கின்றன. சத்ருமல்லேசுவரம் என்று கல்வெட்டு அழைக்கும் இந்தக் கோயிலில் வடமொழியோடு தமிழ்ப் பாட்டும் பொறித்திருக்கிறது. அங்கிருந்து பனைமலைக்குப் போனால் மூன்று தலைமுறை தாண்டிவிடும். மகேந்திரனின் வழியில் வந்த ராஜசிம்மன், 8-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், குடைவதை விட்டுக் கல்லை அடுக்கிக் கட்டினான். ஏரிக்கரையில் ஒரு சிறு குன்று. உச்சியில் தாளகிரீசுவரர் கோயில். வயல்வெளி எங்கிருந்து பார்த்தாலும் தெரியும் விமானம். அதன் கல்வெட்டு காஞ்சி கைலாசநாதர் கோயில் கல்வெட்டோடு ஒத்துப்போனதை வைத்துத்தான் ராஜசிம்மன் பெயர் உறுதியானது.

பனைமலையின் பெருஞ்செல்வம் விமானத்தோடு ஒட்டிய சிற்றறை ஒன்றின் சுவரில் இருக்கிறது. துப்ரேய் உலகுக்குச் சொன்ன ஓவியம் அது. சிவன் ஆடுகிறார், உமை பார்க்கிறாள். ஆடும் சிவன் பெரும்பாலும் அழிந்துவிட்டார். பார்க்கும் உமை மட்டும் மிஞ்சியிருக்கிறாள்: உயர்ந்த மகுடம், மேலே குடை, ஒரு காலை மடித்துச் சுவரில் ஊன்றிய ஒயில், சாய்ந்த தலை. ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன் யாரோ ஒரு தமிழ்நாட்டு ஓவியன் இழுத்த கோடு. 1931-ல் காஞ்சி கைலாசநாதர் கோயிலின் சிற்றறைகளில் பிற்காலச் சுண்ணாம்புப் பூச்சுக்கு அடியில் பல்லவர் ஓவியங்களைக் கண்டறிந்தவரும் துப்ரேய்தான். சித்தன்னவாசலைப் பற்றி 1920-ல் எழுதியதும் அவரே. பல்லவர் காலத்தில் கோயில் என்பது வெறும் கல்நிறத்தில் இருந்ததில்லை என்பது இந்தச் சுவர்களால்தான் தெரியவந்தது.

இவ்வளவு நல்லது செய்தவரின் கணக்கில் ஒரு கறையும் உண்டு. அதை மறைத்து எழுதுவது வரலாறு ஆகாது. காஞ்சிபுரம் வட்டாரத்தில் 10-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த யோகினிச் சிற்பங்களின் தொகுதி ஒன்றை அவர் கண்டார். 1926-ல் அவை பாரீஸில் கடை வைத்திருந்த கலைப்பொருள் வணிகர் சி.டி. லூவிடம் போய்ச் சேர்ந்தன. ஒரே கோயிலில் கூடி அமர்ந்திருந்த தேவியர் இன்று வாஷிங்டன், லண்டன், பாரீஸ், டொராண்டோ, டெட்ராய்ட், மினியாபொலிஸ் என்று அருங்காட்சியகங்களில் ஆளுக்கொரு ஊரில் இருக்கிறார்கள். அந்தக் கோயில் இருந்த இடம் இன்று தெரியவில்லை. கல்லிலிருந்து பெயரை மீட்டுக் கொடுத்த அதே கைகள், இன்னொரு கற்கூட்டத்தை அதன் ஊரிலிருந்து பிரித்துப் பெயரில்லாமல் ஆக்கின. லேயார்டின் காளைகள் லண்டன் போகாமல் இருந்திருந்தால் 2015-ல் ஐ.எஸ். படையினர் நிம்ரூத் அரண்மனையை வெடிவைத்துத் தகர்த்தபோது அவையும் போயிருக்கும் என்று வாதிடுவார்கள். அந்த வாதம் காஞ்சிக்குப் பொருந்தாது. யோகினியர் இருந்த மண்ணில் யாரும் வெடிவைக்கவில்லை.

பாறையில் குடைந்தது நல்லவேளை. மண்டகப்பட்டையும் தளவானூரையும் பெயர்த்துக் கப்பலில் ஏற்ற யாராலும் முடியவில்லை.

துப்ரேயின் கண் பல்லவரோடு நிற்கவில்லை. புதுச்சேரிக்குத் தெற்கே அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் கிடைத்த மணிகளையும் ஓடுகளையும் கொண்டு, 1930-களின் பிற்பகுதியில் அரிக்கமேட்டின் ரோமானியத் தொடர்பை அடையாளம் கண்டார். அது 1945-ல் தொல்லியலாளர் மார்டிமர் வீலரை அங்கே அகழவைத்தது. அதே 1945-ல் துப்ரேய் மறைந்தார். அவரிடம் பயின்ற புதுச்சேரிக்காரர் பட்டாபிராமின், அரிக்கமேட்டு அகழாய்வு பற்றி எழுதி, பின்னால் தென்னிந்தியக் குடைவரைகளைப் பற்றிய பிரெஞ்சு நூல்களையும் தந்தார். ஆங்கிலத்தில் கே.ஆர். சீனிவாசன் 1964-ல் பல்லவர் குடைவரைகள் அனைத்தையும் அளந்து எழுதிய நூல், இன்றுவரை ஆய்வாளர்களின் கைப்புத்தகம்.

தமிழர்களுக்கு இந்தச் செய்தி எப்படி வந்து சேர்ந்தது? 1940-களில் மா. இராசமாணிக்கனார் பல்லவர் வரலாற்றைத் தமிழில் எழுதினார். மயிலை சீனி. வேங்கடசாமி மகேந்திரவர்மனுக்கென்றே ஒரு நூல் தந்தார். ஆனால் விசித்திரசித்தனை அடுப்பங்கரைவரை கொண்டுபோனவர் கல்கி. 1944 முதல் வாராவாரம் வந்த ‘சிவகாமியின் சபதம்’ தொடர்கதையில் மகேந்திர பல்லவர் மாறுவேடத்தில் திரிகிறார், சித்திரம் தீட்டுகிறார், சிற்பிகளோடு பேசுகிறார், விசித்திரசித்தர் என்றே அழைக்கப்படுகிறார். லேயார்டின் நூல் லண்டனுக்குச் செய்ததைக் கல்கியின் தொடர்கதை தமிழ்நாட்டுக்குச் செய்தது. 1900-ல் விழுப்புரத்துத் தெருவில் யாரை நிறுத்தி மகேந்திரவர்மன் யார் என்று கேட்டிருந்தாலும் விழித்திருப்பார்கள். 1950-ல் பிள்ளைகளுக்கு அந்தப் பெயரை வைத்தார்கள். இடையில் நடந்தது, சில டஜன் தாள்களில் எடுக்கப்பட்ட மைப்படிகளும், அவற்றை வாசித்த சிலரின் உழைப்பும்.

இந்த வட்டாரத்தில் இன்னும் எவ்வளவோ இருக்கிறது. திண்டிவனம் பக்கம் கீழ்மாவிலங்கையில் பாறையில் செதுக்கிய திருமால். செஞ்சிக்கருகே திருநாதர்குன்றில், 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்துறந்த சந்திரநந்தி என்ற சமண ஆசிரியரின் நினைவுக் கல்வெட்டு. எண்ணாயிரத்தில், 340 மாணவர்களும் 14 ஆசிரியர்களும் கொண்ட கல்லூரிக்கு ராஜேந்திர சோழன் காலத்தில் நிலம் விட்ட கல்வெட்டு. கீழ்வாலைப் பாறைகளில் எழுத்துக்கு முந்திய கால ஓவியங்கள். இவை எல்லாவற்றுக்கும் நடுவே கல் குவாரிகளும் இயங்குகின்றன. ஜல்லிக்கும் எம்-சாண்டுக்கும் குன்றுகள் கரையும் வேகத்தைப் பார்க்கும்போது, பாதுகாக்கப்பட்ட சின்னம் என்று நீலப் பலகை மாட்டாத பாறைகளையும் யாராவது ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட வேண்டும் என்ற பதைப்பு வருகிறது. எழுத்து இருக்கிறதா என்று பார்த்த பிறகாவது வெடிவைக்கட்டும்.

பார்த்தது போதாது, வாசிக்கவும் வேண்டும். ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக எடுக்கப்பட்ட தமிழ்க் கல்வெட்டுகளின் மைப்படிகள் மைசூரில் உள்ள மத்தியத் தொல்லியல் துறையின் கல்வெட்டுப் பிரிவில் வைக்கப்பட்டிருந்தன. அவற்றைச் சென்னைக்குக் கொண்டுவர வேண்டும் என்று 2021 ஆகஸ்டில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. படியெடுத்தும் முழுப் பாடமாக அச்சேறாத கல்வெட்டுகள் அவற்றில் இன்னும் ஏராளம். தென்னாற்காட்டு ஊர்களின் தாள்களும் அந்தக் கட்டுகளில் இருக்கின்றன.